ராகு காலத்தில் ஒரு ஈசிஜி

நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். எங்கள் வீட்டில் பஞ்சாங்கம் என்ற ஒன்று இருந்ததே இல்லை. ஆனால் ஏழு நாளுக்கும் ராகு காலம், எமகண்டம், குளிகை மூன்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பக்தியில் வந்த அறிவு இல்லை இது, உத்தியோகத்தில் வந்தது. தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வாசலுக்கு நேரே போட்டிருக்கும் மேஜையில் உட்காரும் நர்ஸ் நான். உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் முதலில் பார்த்து, யார் காத்திருக்கலாம், யார் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கக் கூடாது என்று பிரித்து அனுப்ப வேண்டும். இந்த வேலைக்கு ட்ரையாஜ் என்று பெயர். அந்த நாற்காலியில் பதினோரு வருஷம் உட்கார்ந்தால் யாராக இருந்தாலும் கவனித்துவிடுவார்கள்: திங்கள்கிழமை காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ஹால் காலி. ஒன்பது ஐந்துக்கு உட்கார இடம் இருக்காது.

அடிபட்டு வருகிறவர்கள் மட்டும்தான் நேரம் பார்ப்பதில்லை. லாரிக்கு நல்ல நேரம் கெட்ட நேரம் தெரியாது, பாவம். மற்றபடி வயிற்றுவலி, தலைசுற்றல், மூன்று நாள் காய்ச்சல் எல்லாமே பஞ்சாங்கத்துக்குக் கட்டுப்பட்டவை. குளிகை இன்னும் மோசம். அந்த நேரத்தில் செய்கிற காரியம் திரும்பத் திரும்ப நடக்கும் என்பதால் குளிகையில் அட்மிஷன் போட ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஒருவருக்குக் கையில் ஊசி குத்தி டிரிப்ஸ் ஏற்றிய பிறகு, குளிகை என்று ஞாபகம் வந்துவிட்டது. அதை எடுத்துவிட்டு ஒன்றரை மணிக்குப் புதிதாகக் குத்தச் சொன்னார். ஒரு குத்துக்கு இரண்டு குத்து வாங்கிக்கொண்டு திருப்தியாகப் படுத்தார். குளிகை சொன்னபடி நடந்துவிட்டதே என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

எனக்கு இதில் ஒரு சௌகரியமும் இருந்தது. ராகு காலம்தான் என் டீ நேரம். ஜூனியர் பெண்கள் எனக்குப் பஞ்சாங்க சிஸ்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர்களுடைய லீவு, சாப்பாடு, டிரெஸ்ஸிங் டிராலி அடுக்குவது எல்லாவற்றையும் நான் அந்தக் கணக்கில்தான் பிரித்துக் கொடுத்தேன். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு விஷயமும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் யாருக்கும் மாரடைப்பு வருவதில்லை. கேஸ்தான், அதாவது வாயுதான் வரும். நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி இருந்தாலும் கேஸ், இடது கை மரத்துப்போனாலும் கேஸ், சட்டை பிழிகிற அளவுக்கு வேர்த்தாலும் நேற்று சாப்பிட்ட பரோட்டா. பன்னீர் சோடா குடித்து, ஓமத் தண்ணீர் குடித்து, வீட்டுக்குள் இருபது நடை நடந்து பார்த்துவிட்டு, கடைசியில்தான் என்னிடம் வருவார்கள். அதனால் எங்களுக்கு ஒரு விதி. முப்பது வயதுக்கு மேல் யாராக இருந்தாலும், தாடையிலிருந்து தொப்புள் வரை எங்கே வலி என்று சொன்னாலும், டாக்டரைக் கேட்காமலேயே நான் ஈசிஜி எடுத்துவிட வேண்டும். ஆள் வாசலைத் தாண்டியதிலிருந்து பத்து நிமிஷத்துக்குள் அந்தத் தாள் டாக்டர் கையில் இருக்க வேண்டும்.

வாசலைத் தாண்டிய நேரத்தை யார் எழுதுவது என்பதில்தான் சிக்கல் வந்தது. முதலில் நாங்களே எழுதினோம். மாதக் கடைசியில் பார்த்தால் எல்லாருக்கும் ஒன்பது நிமிஷம். ஒருத்தர்கூடப் பதினொன்று இல்லை. நிர்வாகத்துக்குச் சந்தேகம் வந்து, நேரம் எழுதும் வேலையை எங்களிடமிருந்து பிடுங்கி கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டார்கள். இனிமேல் அந்த நோட்டில் இருக்கும் நேரம்தான் மருத்துவமனையின் நேரம், வேறு எந்தக் கடிகாரமும் செல்லாது என்று சர்க்குலரே வந்தது.

செக்யூரிட்டி அண்ணனுக்கு ஐம்பது தாண்டிய வயது. கோவிலம்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். அந்த நோட்டு கைக்கு வந்ததிலிருந்து மனுஷன் ஆளே மாறிவிட்டார். ஸ்கேல் வைத்துக் கோடு போடுவார். பேனா மூடியைத் தொலைக்க மாட்டார். ஒருமுறை ஒரே சமயத்தில் மூன்று நெஞ்சுவலி வந்து, ஒருவருக்கு ஈசிஜி எடுக்கப் பன்னிரண்டு நிமிஷம் ஆகிவிட்டது. இரண்டே இரண்டு நிமிஷம் மாற்றி எழுதுங்கள் அண்ணா என்று கெஞ்சினேன். நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். நேரம் நேரம்தான் சிஸ்டர், என்றார். நான் மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

அந்தத் திங்கள்கிழமை ஏழே முக்கால் இருக்கும். ஹால் காலி. பிஸ்கட்டை டீயில் நனைத்து வாயருகே கொண்டுபோனபோது செக்யூரிட்டி அண்ணன் கேட்டை விட்டுவிட்டு உள்ளே வந்தார். அவர் கேட்டை விட்டு வந்து நான் பார்த்ததில்லை.

"சிஸ்டர், வெளிய டீக்கடையாண்ட ஒரு காரு வந்து நின்னுகினு கீது. உள்ள உக்காந்துகினு கீறவருக்கு வேர்த்து ஊத்துது. கேட்டா ஒம்போது மணிக்கு வர்றாங்களாம்."

பிஸ்கட் டீக்குள் விழுந்துவிட்டது. நான் எழுந்து போனேன்.

கார் காம்பவுண்டுக்கு வெளியே, ரோட்டோரம், கேட்டுக்குச் சரியாகப் பத்தடி தள்ளி நின்றது. முன் சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். முகம் சாம்பல் நிறம். வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. ஒரு கை நெஞ்சில், இன்னொரு கையில் பன்னீர் சோடா. ஸ்டியரிங்கில் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி. பின் சீட்டில் அந்த மனைவி, கையில் போன், போனில் பஞ்சாங்கம். முடிச்சூரில் பூர்வீகமாக நிலம் வைத்திருந்த குடும்பம்; இப்போது அதே இடத்தில் சிமென்ட், கம்பி, ஜல்லி வியாபாரம் என்று மச்சான் நான் கேட்காமலே சொன்னார். வலி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன். ஆறரைக்கு என்றார் படுத்திருந்தவர். கேஸ்தான் சிஸ்டர், என்றும் சேர்த்துக்கொண்டார்.

இந்த வியர்வையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உடனே உள்ளே வாருங்கள் என்றேன். அந்த அம்மா, ஒன்பது மணி ஆகட்டும் என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் கணவர் பக்கத்துக் கதவின் கைப்பிடியைப் பின்னாலிருந்து எட்டி இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்கள் வீட்டுக்காரர் உயிர் என்ன ஒன்பது மணிக்கு மேல்தான் கிளம்புமா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் கைப்பிடியை விடவில்லை.

சரி, ஆள் வரமாட்டார் என்றால் மிஷின் வரும். ஓடிப்போய் ஈசிஜி மிஷினைத் தூக்கிவந்தேன். பேட்டரியில் ஓடுகிற சின்ன மிஷின் அது. வைக்க இடம் இல்லாமல் மச்சான் மடியில் வைத்தேன். அவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, சாமி படத்தைப் பிடிப்பதுபோல் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

நடுரோட்டில் ஒரு மனிதரின் சட்டையைக் கழற்றினால் தாம்பரத்தில் எத்தனை பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். ஜன்னல் வழியாகக் கைவிட்டு நெஞ்சில் ஒட்டிய ரப்பர் குமிழ் ஆறும் வியர்வையில் வழுக்கி வழுக்கி விழுந்தன. டீ மாஸ்டர் கடையிலிருந்து இறங்கி வந்து தன் தோள் துண்டால் அவர் மார்பைத் துடைத்துவிட்டார். ஒரு ஷேர் ஆட்டோக்காரர், குமிழை இன்னும் கொஞ்சம் இடது பக்கம் வைக்கச் சொன்னார். அவர் சொன்னது சரி என்பதுதான் எனக்குக் கடுப்பு. தாள் ஓட ஆரம்பித்ததும் கோடு முழுக்க நடுங்கியது. பார்த்தால் ஏசிக்காக என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. என்ஜினை நிறுத்தினோம். மறுபடி ஓடவிட்டால் கோடு குதிக்கிறது. இந்த முறை காரணம் நோயாளியே. வியாபாரி இல்லையா, ஊரில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். பைக்கில் போகிறவர்கள் எல்லாம் வண்டியை மெதுவாக்கி, அண்ணே, இன்னாண்ணே இங்க என்று கேட்க, இவர் கம்பிகளோடு கையைத் தூக்கித் தூக்கி வணக்கம் வைத்துக்கொண்டிருந்தார். இன்னொரு முறை தூக்கினால் கையைக் கட்டிவிடுவேன் என்றேன். அதற்கும் ஒரு கும்பிடு போட்டார்.

மூன்றாவது முயற்சியில் தாள் ஒழுங்காக வந்தது. கீழே வந்து படுக்கவேண்டிய கோடு, வராமல் மேலேயே குன்றுபோல் நின்றது. முழு மாரடைப்பு. இதயத்துக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயே அடைத்திருந்தது. போனில் படம் எடுத்து டியூட்டி டாக்டருக்கு அனுப்பினேன். அரை நிமிஷத்தில் கூப்பிட்டார். காட்டாங்குளத்தூரிலிருந்து வருகிற சின்ன வயது டாக்டர், நல்ல பையன், பதறினால் குரல் கீச்சென்று ஆகிவிடும்.

"எந்த பெட் சிஸ்டர்?"

"பெட் இல்ல சார். டீக்கடை."

ஆஸ்பிரின் மாத்திரையை நான் கையோடு கொண்டுவந்திருந்தேன். அதை மென்று விழுங்கக் கொடுத்தபோது அந்த அம்மா தடுத்தார். ராகு காலத்தில் மருந்து ஆரம்பிக்கக் கூடாதாம். மச்சான் மடியில் மிஷினோடு திரும்பி, மாமா காலையிலிருந்து கேஸ் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டுதானே இருக்கிறார், இது எப்படிப் புதிதாக ஆரம்பிப்பது ஆகும் என்று வாதாடினார். அந்த அம்மா சுப்ரீம் கோர்ட் நீதிபதி மாதிரி யோசித்துவிட்டு அதை ஏற்றுக்கொண்டார். மாத்திரை பன்னீர் சோடாவோடு உள்ளே போனது.

டாக்டர் வந்தார். ஒவ்வொரு நிமிஷமும் இதயத்தின் தசை செத்துக்கொண்டிருக்கிறது என்று கீச்சுக் குரலில் விளக்கினார். எந்த நொடியும் இதயம் நின்றுபோகலாம், நின்றால் காருக்குள் ஒன்றும் செய்ய முடியாது என்றார். அந்த அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கைப்பிடியை மட்டும் விடவில்லை. நோயாளியோ எங்களைச் சமாதானப்படுத்துகிறார்: அவ சொல்றதக் கேட்டுருங்க சார், இல்லன்னா எனக்கு ரெண்டாவது அட்டாக் வந்துடும். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

நான் பின் சீட்டில் ஏறி அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். திட்டத்தான் ஏறினேன். அவர் என் காதோடு சொன்னார்:

"எங்க அண்ணன நான்தான் சிஸ்டர் ராவுகாலத்துல ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போனேன். பேசிகினே உள்ள போச்சு."

அவ்வளவுதான் சொன்னார். என் கோபம் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. பதிலுக்குப் பயம் வந்து உட்கார்ந்தது. முட்டாள்தனம் என்றால் எனக்கு விடை தெரியும், பதினோரு வருஷமாக அதோடுதான் குடும்பம் நடத்துகிறேன். இது முட்டாள்தனம் இல்லை. இதற்கு எங்கள் விதிப்புத்தகத்தில் ஒரு வரியும் கிடையாது. முன் சீட்டில் ஒரு மனிதர் செத்துக்கொண்டிருக்கிறார், பின் சீட்டில் ஒரு பெண் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக் கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், நடுவில் நான் உள்ளங்கையில் ஈசிஜி ஜெல்லோடு உட்கார்ந்திருக்கிறேன். ஆண்டவரே என்றுகூட எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

அப்போது பின் ஜன்னலில் யாரோ தட்டினார்கள். செக்யூரிட்டி அண்ணன். கையில் அந்த நோட்டு.

"ஏம்மா, நீங்க இன்னாத்துக்கு ரோட்லயே நிக்கிறீங்க? நீங்கதான் எப்பவோ உள்ள வந்துட்டீங்களே."

நோட்டைத் திறந்து ஜன்னல் வழியாக நீட்டினார். கார் நம்பர், ஆண், நெஞ்சுவலி, வந்த நேரம் ஏழு இருபது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கீழே கையெழுத்தும் போட்டிருந்தார். ஏழு இருபது என்றால் ராகு காலம் பிறக்கப் பத்து நிமிஷம் இருக்கிறது.

"இந்த நோட்ல எழுதினாத்தான் ஆஸ்பத்திரிக்கு டைமு. டாக்டரு வாட்சு, உங்க போனு, எதுவும் செல்லாது. ஆர்டரே கீது, இந்த சிஸ்டரக் கேளுங்க. ஏழு இருபதுக்கு நீங்க உள்ள வந்தாச்சு. இனிமே நடக்கறது மட்டுந்தான் பாக்கி."

அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இரண்டு நிமிஷத்துக்கு என்னை மூன்று நாள் பேசாமல் இருக்கவைத்த மனுஷன். ஆமாம்மா, சர்க்குலர் இருக்கிறது, அந்த நோட்டுதான் கணக்கு என்று நானும் சொன்னேன். டாக்டர் என்னையும் நோட்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, ஆமாம், அதுதான் ரூல் என்றார். டீ மாஸ்டர், காலையிலிருந்து இந்தக் கார் இங்கே நிற்பதைத் தான் பார்த்ததாகச் சொன்னார். அவரை யாரும் கேட்கவில்லை.

அந்த அம்மா நோட்டை வாங்கி அந்த வரியையே பார்த்தார். பிறகு விரலை அந்த எழுத்தின்மேல் வைத்துத் தடவினார். நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். கைப்பிடியை விட்டார்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றி ஓட்டமாகத் தள்ளினோம். வாசலில் மறுபடி ஒரு தடை. வலது காலை முதலில் வைத்து உள்ளே போகவேண்டும் என்றார் அந்த அம்மா. ஸ்ட்ரெச்சரில் வருகிறவருக்கு ஏது வலது கால், இடது கால்? கால் முன்னால் போகும்படி முழுசாகத் திருப்பினால் அது வேறு மாதிரி ஊர்வலம் ஆகிவிடும், அதையும் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மச்சான்தான் தீர்த்தார். மாமாவின் வலது காலை மட்டும் மடக்கி, பக்கவாட்டில் வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு, ஸ்ட்ரெச்சரைக் கொஞ்சம் கோணலாக்கி, அந்தக் கால் முதலில் வாசலைத் தாண்டும்படி ஓடினார். அந்தக் கோலத்தில், வெற்று மார்பும் நீட்டிய காலுமாக, முடிச்சூர் வியாபாரி எங்கள் அவசரப் பிரிவுக்குள் நுழைந்தார்.

மானிட்டரை மாட்டிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அவருடைய இதயம் நின்றது.

ஒரு சோடா கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தவர் பாதிச் சொல்லில் கண்ணை மேலே செருகினார். திரையில் கோடு கிறுக்கலாகிவிட்டது. நான் அவர் நெஞ்சின்மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்த ஆரம்பித்தேன். ஜூனியர் பெண் ஷாக் மிஷினை இழுத்து வந்தாள். டாக்டர், இந்த முறை குரல் கீச்சிடாமல், எல்லாரையும் விலகச் சொல்லி ஒரு ஷாக் கொடுத்தார். உடம்பு தூக்கிப் போட்டது. பிறகு திரையில் கோடு ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. கார் சீட்டில் இது நடந்திருந்தால் என்ற நினைப்பை நான் அப்புறம்தான் அனுமதித்தேன்.

அவர் கண்ணைத் திறந்து எங்களைச் சுற்றிப் பார்த்தார். செத்துப் பிழைத்த மனிதர் முதலில் கேட்டது, மணி இன்னா என்று.

சுவரில் எட்டு ஐந்து. ஜூனியர் பெண் அதைப் பார்த்துவிட்டு, ஒன்பது பத்து சார் என்றாள். அவர் திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

மேலே கொண்டுபோய்க் குழாய் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். பெரிய டாக்டர் வெளியே வந்து எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொன்னபோது நிஜமாகவே ஒன்பதைத் தாண்டிவிட்டது. ராகு காலமும் ஜெயித்தது, நாங்களும் ஜெயித்தோம்.

புதன்கிழமை எனக்கு மெமோ வந்தது. நோயாளி வந்த நேரம், கேட் நோட்டின்படி, ஏழு இருபது. ஈசிஜி எடுத்த நேரம், மிஷின் தாளில் அதுவே அச்சிட்டபடி, ஏழு ஐம்பத்திரண்டு. நெஞ்சுவலியோடு வந்தவரை முப்பத்திரண்டு நிமிஷம் கவனிக்காமல் விட்டது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். நோட்டில் உள்ள நேரமே இறுதியானது என்று கீழே அடிக்கோடு போட்டு ஞாபகப்படுத்தியிருந்தார்கள்.

செக்யூரிட்டி அண்ணன் விஷயம் தெரிந்து என்னிடம் வந்து, போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றார். அவர் ஏஜென்சி ஆள். நோட்டைத் திருத்தினார் என்று தெரிந்தால் அன்று சாயங்காலமே வேறு ஆள் கேட்டில் நிற்பார். சும்மா இருங்கள் அண்ணா என்றேன். விளக்கத்தில், கவனக்குறைவு, என் தவறு, இனி நடக்காது என்று எழுதிக் கொடுத்தேன். பதினோரு வருஷத்தில் என் ஃபைலில் விழுந்த ஒரே கறுப்புப் புள்ளி அது. எழுதிய கையோடு பாத்ரூமில் போய் அழுதேன்.

தண்டனை என்னவென்றால், பத்து நிமிஷத்துக்குள் ஈசிஜி எடுப்பது எப்படி என்ற பயிற்சி வகுப்பில் நான் மாணவியாக உட்கார வேண்டும். அந்த வகுப்பை ஐந்து வருஷமாக எடுத்து வருவது நான்தான். எனக்குப் பதிலாக எடுக்க வேறு ஆள் கிடையாது. ஆகவே அடுத்த வாரம் நானே பாடம் நடத்தி, நானே முன் வரிசைக் காலி நாற்காலியைப் பார்த்துக் கேள்வி கேட்டு, ஆசிரியை இடத்தில் ஒரு கையெழுத்தும் மாணவி இடத்தில் ஒரு கையெழுத்தும் போட்டேன். தேர்வில் எனக்கு நான் முழு மார்க் கொடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மார்க் குறைத்தேன், சந்தேகம் வரக்கூடாது என்று.

ஆனால் அதற்கு முன்பே, அந்த வியாழக்கிழமை, அவர் டிஸ்சார்ஜ் ஆனார். வியாழன் ராகு காலம் ஒன்றரைக்கு. ஒரு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும் என்று காலையிலிருந்தே மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். எங்கள் பேப்பர் வேலைதான் தெரியுமே. கையெழுத்து எல்லாம் முடிந்து சக்கர நாற்காலி கேட்டுக்கு வந்தபோது ஒன்று நாற்பது. நான் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு கச்சேரி ஆரம்பிக்கப் போகிறது என்று எழுந்து போனேன்.

செக்யூரிட்டி அண்ணன் அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே நோட்டை விரித்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். வெளியே போன நேரம், ஒன்று இருபது என்று எழுதி, அந்த அம்மா பக்கம் திருப்பிக் காட்டினார். அந்த அம்மா சிரித்துவிட்டார். நான் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் எனக்கு மண்டையில் உறைத்தது. திங்கள்கிழமை காரை ரோட்டில் நிறுத்தச் சொன்னதே இவர்தான். ஏழரை தாண்டிவிட்டது என்று தெரிந்துதானே நிறுத்தினார். அப்படியிருக்க ஏழு இருபது என்று எழுதினதை எப்படி நம்பினார்? மச்சான் காரைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் அந்த அம்மாவிடம் கேட்டேவிட்டேன்.

"நம்பலயே சிஸ்டர். தடவிப் பாத்தேன், மை கையில ஒட்டுச்சு."

பிறகு ஏன் கைப்பிடியை விட்டீர்கள் என்று கேட்டேன். அவர் கணவரின் சக்கர நாற்காலியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எங்க அண்ணன் போனப்ப, நான்தான் கெட்ட நேரத்துல கூட்டினு போய் சாவடிச்சேன்னு அண்ணி இன்னிக்கு வரைக்கும் என் வூட்டு வாசப்படி மிதிக்கல. இந்தவாட்டி எதுனா ஆனாலும், நேரம் வேற யாரு கையெழுத்துலயாவது இருக்கட்டும்னு இருந்துச்சு."

கார் வந்தது. வலது காலை முதலில் வைத்து ஏற்றினார்கள். போய்விட்டார்கள்.

நான் உள்ளே திரும்பினேன். ஹால் காலியாக இருந்தது. ஜூனியர் பெண் வழக்கம்போல் எனக்கு டீ ஊற்றி மேஜையில் வைத்திருந்தாள். காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷமாக, ராகு காலத்தில் யாருக்கும் ஒன்றும் வருவதில்லை என்பதுபோல் அல்லவா நான் நிம்மதியாக டீ குடித்திருக்கிறேன். வலி வந்தவர்கள் உள்ளே வராமல் எங்கே காத்திருப்பார்கள்? டீயை அப்படியே வைத்துவிட்டு, ஈசிஜி மிஷினைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். டீக்கடை பக்கம் இரண்டு கார், ஒரு ஆட்டோ நின்றிருந்தன. செக்யூரிட்டி அண்ணன் ஏற்கெனவே முதல் காரின் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார்.